வடக்கே பனி உருகுகிறது. தெலுக் இந்தானுக்கு என்ன கவலை?

தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் எங்கள் ஊரில் குறைவு. ஆனால், அங்கிருந்து பேரா ஆற்றங்கரைக்குப் போய், "முன்பு கப்பல் நின்ற இடம் எது?" என்று கேட்டால், என் வயதுடைய பலருக்குத் தெரியாது. எனக்கும் தாத்தா காட்டித்தான் தெரியும்.

தாத்தாவின் அப்பா பால்மரம் வெட்டியவர். அவர்கள் தோட்டத்து ரப்பர் ஷீட்டுகள் இந்த ஆற்றங்கரையில்தான் கப்பலேறுமாம். "அப்போ இது தெலுக் ஆன்சன். கப்பல் ஊருக்குள்ளேயே வரும்" என்பார் தாத்தா. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமும் இங்கு வந்தது. அதற்காகவே 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து ரயில் பாதை போட்டார்கள். 1982-இல் ஊர் தெலுக் இந்தான் என்று பெயர் மாறியபோது அந்தத் துறைமுகத்தின் பழைய செல்வாக்கு போய்விட்டிருந்தது. இன்று ரயிலும் இல்லை.

யாரும் அதை ஒரே நாளில் மூடவில்லை. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய கிள்ளான் துறைமுகம். கப்பல்கள் பெரிதாயின, அவற்றுக்கு ஆழமான நீர் வேண்டியிருந்தது. சாலையும் ரயிலும் வேறு பக்கம் வளர்ந்தன. சரக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போனது.

பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்திற்காக ஆர்க்டிக் கடல்வழியைப் பற்றிப் படித்தபோது, எனக்கு இந்த ஆற்றங்கரைதான் நினைவுக்கு வந்தது. என் அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்கிறார். என் படிப்புச் செலவில் ஒரு பங்கு, அவர் ஏற்றி இறக்கும் கொள்கலன்களிலிருந்து வருகிறது. அந்தக் கொள்கலன்களும் ஒருநாள் வேறு வழியில் போய்விடுமா?

ஒரு நூலும் உலக உருண்டையும்

நண்பர்களே, உங்கள் பள்ளி நூலகத்தில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து மலாக்கா நீரிணை, சுயஸ் கால்வாய் வழியாக நெதர்லாந்தின் ரோட்டர்டாம் வரை வைத்துப் பாருங்கள். உண்மையில் அது 20,000 கிலோமீட்டருக்கு மேல். இப்போது அதே நூலை ரஷ்யாவின் வடகரையோரமாக வையுங்கள். ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர்தான்! மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

இதுதான் வடகடல் பாதை. பூமி வெப்பமடைந்து கோடையில் ஆர்க்டிக் பனி சுருங்குவதால் இந்தப் பாதை பேசுபொருளாகிவிட்டது. 2018-இல் 'வெண்டா மேர்ஸ்க்' என்ற கொள்கலன் கப்பல் இவ்வழியே சோதனைப் பயணம் போனது. 2025-இல் 'இஸ்தான்புல் பிரிட்ஜ்' என்ற கப்பல் சீனாவின் நிங்போவிலிருந்து இங்கிலாந்தின் பீலிக்ஸ்டோ துறைமுகத்தை ஏறத்தாழ 20 நாளில் அடைந்தது.

அரசியல் எங்கே வருகிறது?

சீனா இறக்குமதி செய்யும் எண்ணெயில் பெரும்பகுதி மலாக்கா நீரிணை வழியாகப் போகிறது. போர் மூண்டு யாராவது இதை மறித்தால் என்ன செய்வது? 2003-இல் சீன அதிபர் ஹூ ஜிந்தாவ் எழுப்பிய இந்தக் கவலைக்கு 'மலாக்கா சிக்கல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2018-இல் சீனா தன் ஆர்க்டிக் கொள்கையை வெளியிட்டு, 'துருவப் பட்டுப்பாதை' பற்றிப் பேசியது.

ரஷ்யாவோ, இப்பாதையில் போகும் கப்பல்கள் தன்னிடம் அனுமதி பெறவேண்டும் என்கிறது. பனி மூடிய கடலில் மாசைத் தடுக்கக் கரையோர நாடு விதிகள் போடலாம் என்று ஐநா கடல் சட்டத்தின் 234-வது விதி சொல்வதை அது காட்டுகிறது. அங்குள்ள நீரிணைகள் அனைத்துலகக் கப்பல்களுக்குத் திறந்தவை என்பது அமெரிக்காவின் வாதம்.

குறுக்குவழி எல்லாம் மலிவு அல்ல

அப்படியானால் கிள்ளான் துறைமுகம் காலியாகிவிடுமா? இல்லை என்றே கணக்கு சொல்கிறது.

முதலாவது, பருவம். சாதாரணக் கப்பல் கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் சில மாதங்கள்தான் போகமுடியும். மற்ற காலத்தில் பனியுடைப்புக் கப்பல் முன்னே போகவேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு.

இரண்டாவது, ஆழம். வழியிலுள்ள சன்னிக்கோவ் நீரிணை ஏறத்தாழ 13 மீட்டர் ஆழமே உள்ளது. 2021 மார்ச்சில் சுயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்த 'எவர் கிவன்' நினைவிருக்கிறதா? நம் ஜொகூரின் தஞ்சோங் பெலப்பாஸிலிருந்து ரோட்டர்டாமுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. 20,000 கொள்கலன்கள் வரை சுமக்கும். முழுச் சுமையுடன் சன்னிக்கோவில் அது நுழைய முடியாது.

மூன்றாவது, வழித்துணை. நம் பாதையில் போகும் கப்பல் பல துறைமுகங்களில் ஏற்றி இறக்கிக்கொண்டே போகும். வடக்கில் அப்படிச் சந்தை இல்லை. 2024-க்குள் இப்பாதையில் 80 மில்லியன் டன் சரக்கு என்பது ரஷ்யா வைத்த இலக்கு. நடந்தது ஏறத்தாழ 38 மில்லியன் டன். அதிலும் பெரும்பகுதி ரஷ்யாவின் சொந்த எரிவாயுவும் எண்ணெயும்தான்.

இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து ரோட்டர்டாமுக்கு சுயஸ் வழியாக ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். வடக்கே போனால், முதலில் ஜப்பான் வரை ஏறவேண்டும்; மொத்தம் 18,000-ஐத் தாண்டும். ஆக, நமக்கும் தமிழ்நாட்டுத் துறைமுகங்களுக்கும் அது குறுக்குவழியே அல்ல. ஜப்பான், கொரியா, வட சீனாவுக்குத்தான் லாபம்.

ஆனாலும் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. கிள்ளானில் 2024-இல் கையாளப்பட்ட 14 மில்லியனுக்கும் மேலான கொள்கலன்களில் பெரும்பகுதி, ஒரு கப்பலில் வந்து இன்னொரு கப்பலுக்கு மாறிப் போகிறவை. அவை நம் நாட்டுச் சரக்கு அல்ல; பாதை மாறினால் முதலில் போவதும் அவைதான். சிங்கப்பூருக்கு இது புரிந்திருக்கிறது. வெயில் நாடாக இருந்தும் 2013-இலேயே ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளர் இடம் பெற்றுவிட்டது. இந்தியாவும் அதே ஆண்டு பெற்றது. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை.

கவலைப்பட இன்னொரு காரணமும் உண்டு. கடலில் மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் பெரிதாக உயராது. ஆனால் அதே வெப்பம் கிரீன்லாந்தின் நிலப்பனியையும் உருக்குகிறது. அந்த நீர் கடலில்தான் சேரும். தாழ்வான ஹிலிர் பேராவும், தென்னந்தோட்டங்கள் நிறைந்த பாகான் டத்தோவும் அந்தக் கடலுக்கு அருகில்தான் இருக்கின்றன. வடக்கே கப்பலுக்கு வழி திறக்கும் வெப்பம், இங்கே நம் வாசலுக்கு நீரைக் கொண்டுவரும்.

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடித்து என்ன படிப்பது என்று யோசிக்கும் தம்பி, தங்கைகளே, கடல்சார் சட்டம், துறைமுக நிர்வாகம், கடல் அறிவியல் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளை நம் நாட்டுக்காக இந்தக் கணக்கைப் போட ஆள் வேண்டும்.

விடுமுறைக்கு வந்த அண்ணனைப் போன வாரம் தாத்தா ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். "இங்கேதான் கப்பல் நின்றது" என்று கைகாட்டினார். அண்ணன் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.