ஜெர்மனியின் மிகச் சிறிய நகரம்

நகரம் என்றவுடன் மாட மாளிகைகளும் மக்கள் நெருக்கமும் நம் கண்முன் தோன்றுகின்றன. ஆனால் சுமார் 300 பேரே வாழும் நகரமும் உலகில் உண்டு. ஜெர்மனியின் வடகோடியில், ஷிலெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் உள்ள ஆர்னிஸ் என்பதே அது. அதன் பரப்பு 0.45 சதுர கிலோமீட்டர்தான். ஜெர்மானிய நகரங்களுள் இதுவே மிகச் சிறியது.

பால்டிக் கடலிலிருந்து நிலத்தினுள் 40 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு செல்லும் கடற்கழிக்கு ஷ்லை என்று பெயர். அக்கழியில் முன்பு தீவாக இருந்த ஆர்னிஸ், பின்னர் கரையுடன் இணைக்கப்பட்டுத் தீபகற்பம் ஆயிற்று. ஊரின் நடுவே ஒரு தெரு, இருமருங்கும் வீடுகள். அத்தெருவின் பெயரே 'நீண்ட தெரு' என்பதுதான். எதிர்க்கரைக்குச் செல்லப் படகுப் போக்குவரத்து உண்டு.

இவ்வூர் பிறந்த கதை சிந்தனைக்குரியது. பக்கத்தில் உள்ள காப்பெல்ன் என்னும் ஊரின் மக்களைத் தம் பண்ணையடிமைகளாக்க ரூமோர் குலத்து நிலப்பிரபு ஒருவர் முனைந்தார். பணிய மறுத்த அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள், கோட்டோர்ப் கோமகனின் இசைவு பெற்று, 1667-இல் இத்தீவில் குடியேறின. சில ஆண்டுகளிலேயே, 1673-இல், தமக்கென ஒரு தேவாலயமும் எழுப்பின. வயல் செய்ய நிலமில்லாத அம்மக்களுக்கு நீரே வாழ்வளித்தது. மீன்பிடித்தலும் கப்பலோட்டுதலும் அவர்தம் தொழில்களாயின. அப்பகுதியில் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்ததோ 1805-இல்தான்!

ஆர்னிஸ் நகரத் தகுதி பெற்றது 1934-இல். இத்துணைச் சிறிய ஊர் தன்னைத்தானே ஆள்வது எங்ஙனம்? ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் நகர மன்றத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். மன்றம் நகரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. அவர் சம்பளத்திற்கு அன்றி, மதிப்புறு பதவியாகவே பணியாற்றுகிறார். தனி அலுவலகம் நடத்தும் வசதி இவ்வூருக்கு இல்லை. ஆகவே அண்டைக் கிராமங்கள் சிலவற்றோடு 'ஆம்ட்' எனப்படும் கூட்டமைப்பில் சேர்ந்துள்ளது. பதிவேடுகள், கணக்குகள் முதலிய அன்றாட அலுவல்களை அக்கூட்டமைப்புக்காகக் காப்பெல்ன் நகர நிர்வாகம் கவனிக்கிறது. எனினும் ஊரைப் பற்றிய முடிவுகளை எடுப்பது ஆர்னிஸ் மன்றமே. உள்ளாட்சிகளின் இவ்வுரிமைக்கு 1949-ஆம் ஆண்டு ஜெர்மானிய அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு காப்பளிக்கிறது.

எந்த ஊரை விட்டு முன்னோர் வெளியேறினரோ, அவ்வூரே இன்று ஆர்னிஸின் ஏடுகளைப் பேணுகிறது. இது விந்தையன்றோ! அன்று கேட்கப்பட்டது அடிமைத்தனம். இன்று நிகழ்வது சமமானவர்களின் ஒத்துழைப்பு. எழுதும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். முடிவு செய்யும் உரிமையை ஒப்படைக்கலாகாது. சின்னஞ்சிறு ஆர்னிஸ் நமக்குக் கற்பிக்கும் உள்ளாட்சிப் பாடம் இதுவே.