சிரப்பில் தீராத இருமல்

மருந்துக்கடையில் நின்று "இருமலுக்கு ஏதாவது கொடுங்க" என்றால், பதிலுக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "வறட்டு இருமலா, சளி இருமலா?" ஜலதோஷத்தோடு வந்து இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும் இருமலுக்கு அந்தக் கேள்வியே போதும், எந்த பாட்டிலைக் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும் அது போய்விடும். ஆனால் ஆஸ்துமாக்காரர்களும், பீடி சிகரெட்டாலும் விறகடுப்புப் புகையாலும் சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வந்தவர்களும், காசநோய் ஆறிய பிறகு மூச்சுக்குழல்கள் தளர்ந்து விரிந்துபோய் பிராங்கியெக்டாசிஸில் மாட்டிக்கொண்டவர்களும் அதே கடையில் அதே பாட்டிலை வாங்கி மாதக்கணக்கில் குடிக்கிறார்கள். இவர்களுடைய இருமலை அடக்குவதில் பயனில்லை, சில நேரம் கெடுதலும் உண்டு. சளி ஊறுவதைக் குறைக்க வேண்டும், ஊறியதை வெளியே எடுக்க வேண்டும். சிகிச்சை அந்த இரண்டில்தான் இருக்கிறது.

மூச்சுக்குழலின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய இழைகள் வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளிப்படலத்தை மேலே மேலே தள்ளித் தொண்டைவரை கொண்டுவருகின்றன. நாம் அதை அறியாமலே விழுங்கிவிடுகிறோம். நல்ல நிலையில் சளியின் 97 சதவீதம் தண்ணீர்தான். அழற்சி நீடித்தால் தண்ணீர் குறைந்து அது பசையாகிறது. புகை அந்த இழைகளையே முடக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு சளியை ஏற்றிவிட உடம்பிடம் மிஞ்சியிருப்பது இருமல் மட்டும்தான். தங்கிவிட்ட சளியில் கிருமி குடியேறும், கிருமி அழற்சியைக் கூட்டும், அழற்சி இன்னும் சளியை ஊறவைக்கும். அமெரிக்காவில் 146 ஆஸ்துமா நோயாளிகளை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வில், 58 சதவீதம் பேருக்கு நுரையீரலின் ஏதோ ஒரு பகுதியிலாவது சளி அடைத்துக்கொண்டிருந்தது. அடைப்பு அதிகமாக இருந்தவர்களின் மூச்சுத்திறன் குறைவாக இருந்தது. அவர்களிலும் சிலருக்கு நாள்பட்ட சளித்தொல்லை என்ற புகாரே இல்லை. இருமல் நின்றுவிட்டது என்பதால் உள்ளே சுத்தமாகிவிட்டது என்று நினைக்க முடியாது.

சிரப் இருமலையாவது உருப்படியாக நிறுத்துகிறதா? இருமல் மருந்துகளில் வலுவானது என்று பெயர் வாங்கிய கோடீனை மான்செஸ்டரில் சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்குக் கொடுத்து, ஒலிப்பதிவு செய்து இருமலை அளந்து பார்த்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி அது வெற்று மருந்தைவிட மேலாக இல்லை. நம் ஊர் பாட்டில்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: இருமலை அடக்கும் மருந்தும் சளியை இளக்கும் மருந்தும் ஒரே சிரப்பில் இருக்கும். சளியை இளக்கிவிட்டு, அதைத் துப்ப விடாமல் தடுப்பதில் என்ன பயன்? 2023 ஜூனில் மத்திய அரசு 14 கூட்டு மருந்துகளுக்குத் தடை விதித்தபோது இப்படிப்பட்ட கலவைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. மருத்துவ ரீதியாக நியாயமில்லை என்பதே காரணம். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்ததும், மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததும் வேறு விவகாரம். நான் சொல்வது கலப்படமே இல்லாத சிரப்பைப் பற்றி.

சளியை வெளியே எடுக்க ஒரு முறை இருக்கிறது. அதைப் பிசியோதெரபிஸ்டுகள் சொல்லித்தருகிறார்கள். மூச்சுக்குழலை விரிக்கும் இன்ஹேலரை டாக்டர் எழுதியிருந்தால் முதலில் அதை எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, வயிறு எழும்பும்படி மெதுவாகச் சில மூச்சு. அடுத்து மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று வினாடி நிறுத்தினால் காற்று சளிக்குப் பின்னால் போய்ச் சேரும். கடைசியாக வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படியவைப்பதுபோல "ஹா" என்று வேகமாக ஊத வேண்டும். நெஞ்சு அதிரத் தொடர்ந்து இருமும்போது குழல்கள் நசுங்கிச் சளி பாதியில் நின்றுவிடலாம். இந்த ஊதலில் அது குறைவு. சளி மேலே வந்த பிறகு ஒரே இருமலில் துப்பிவிடலாம். பத்துப் பதினைந்து நிமிட வேலை. இந்த முறைகளைப் பற்றிய ஆய்வுகள் சிறியவை என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. உண்மைதான், ஆனாலும் அவை பிராங்கியெக்டாசிஸ்காரர்களுக்குக் கூடுதல் சளியை வெளியேற்றுவதையும் பாதுகாப்பாக இருப்பதையும் காட்டியிருக்கின்றன. மாதக்கணக்கில் சிரப் குடிப்பதற்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லை. வீட்டு நம்பிக்கைகளும் அப்படித்தான். பால் குடித்தால் சளி கூடும் என்ற நம்பிக்கையை ஆஸ்திரேலியாவில் ஜலதோஷக் கிருமி செலுத்தப்பட்டவர்களிடம் சோதித்து 1990இல் எழுதினார்கள். பாலால் சளி கூடவில்லை. ஆவி பிடிப்பது மூக்குக்கு இதமாக இருக்கலாம், மூச்சுக்குழல் அழற்சியை அது தொடாது.

ஆஸ்துமாவில் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே இருமல் பெரும்பாலும் அழற்சி கட்டுக்குள் இல்லை என்பதற்கான அறிகுறி. வீசிங்கே இல்லாமல் இருமல் மட்டுமே ஆஸ்துமாவாக வெளிப்படுவதை 1979இலேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். அதற்கான மருந்து இன்ஹேலர் வழியாகப் போகும் ஸ்டீராய்டு. இன்ஹேலர் என்றதும் "பழக்கமாகிடும், கடைசிக் கட்டத்துல பாத்துக்கலாம்" என்பார்கள். மூச்சுக்குழலை விரிக்கும் சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். மாத்திரையைத் தயங்காமல் விழுங்கிவிட்டு, அதில் இருபதிலோ நாற்பதிலோ ஒரு பங்குக்குப் பயப்படுகிறோம். பயப்பட வேண்டிய பழக்கம் வேறு: இளைப்பு வரும்போது மட்டும் விரிப்பு மருந்தை உறிஞ்சிவிட்டு ஸ்டீராய்டை ஒதுக்குவது. பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் அப்படி விரிப்பு மருந்தை மட்டும் கொடுக்கக் கூடாதென்று கினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019இல் அறிவித்தது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில். ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இங்கே. இந்த இடைவெளிக்கு அந்த ஒதுக்கலும் ஒரு காரணம்.

ராத்திரி முழுக்க இருமினால் தூக்கம் எப்படி வரும் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வயதானவர் நாலு நாள் தூங்காவிட்டால் வீடே தூங்காது. ஆனால் சிரப் தரும் தூக்கம் பெரும்பாலும் அதில் கலந்த அலர்ஜி மருந்தின் மயக்கம், முற்றிய சி.ஓ.பி.டி.யில் கோடீன் மூச்சையே மந்தமாக்கிவிடும். சளியெடுக்கும் வேலையைப் படுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பே முடித்து, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பது பலருக்கு உதவும். அடக்கும் மருந்துக்கும் இடம் உண்டு: சளியே இல்லாமல் வாட்டும் நுரையீரல் நார்மை நோயிலும் புற்றுநோயின் இறுதிக் கட்டத்திலும் டாக்டர் யோசித்துக் கொடுப்பார். சளியில் ரத்தம், காய்ச்சல், திடீரென்று நிறமோ அளவோ மாறுவது, எடை குறைவது என்று வந்தால் எந்த வீட்டு வைத்தியமும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் நாட்டில் காசநோய்ப் பரிசோதனை அங்கே முதல் வேலை.

மருந்துச்சீட்டில் சிரப்பின் பெயரை எழுத ஒரு நொடி போதும். "ஹா" என்று ஊதக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் வேண்டும். நெருக்கியடிக்கும் புறநோயாளிப் பிரிவில் எது நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே போகிறார்கள். மூட்டுவலிக்கும் பக்கவாதத்துக்கும் பயிற்சி சொல்லித்தருபவர்கள், அதே தெருவில் இருமிக்கொண்டிருப்பவருக்கும் இதைச் சொல்லித்தரலாம். அதற்குப் புதுக் கட்டடமோ விலை உயர்ந்த கருவியோ தேவையில்லை.