பனிக்காலத்தில் ஒரு நாற்றுமேடை

இங்கிலாந்திலே வெங்காயத்துக்குப் பஞ்சம் வந்தது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். இரண்டாம் உலக மகாயுத்தத்துக்கு முன்னர் அந்நாட்டு மக்கள் உண்ட வெங்காயத்தின் பெரும்பகுதி கடல் கடந்தே வந்தது. பிரான்சின் வடமேற்குக் கரையிலுள்ள றொஸ்கோவ் என்னும் துறைமுகத்திலிருந்து வந்த வணிகர், வெங்காயச் சரங்களைத் துவிச்சக்கர வண்டிகளிலே தொங்கவிட்டு வீடு வீடாகச் சென்று விற்றனர். 1940ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில் அக்கரையும், சானல் தீவுகளும் ஜெர்மானியப் படைகளின் கைப்பட்டன. வெங்காய வரவும் நின்றது. அடுத்த ஆண்டிலே, ஒற்றை வெங்காயத்தைச் சீட்டுக் குலுக்கலுக்குப் பரிசாக வைக்கும் நிலை ஏற்பட்டது.

ஆகவே மக்கள் தங்கள் வீட்டு முற்றத்திலேயே வெங்காயம் பயிரிட முற்பட்டனர். ஆனால் ஓர் இடர்ப்பாடு இருந்தது. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் கிழங்கிலிருந்தே நடுவர். இரண்டு மூன்று மாதங்களில் பயன் பெறுவர். இங்கிலாந்தின் பெரிய வெங்காயமோ விதையிலிருந்து வளர்வது. பல மாதங்களை வேண்டுவது. அன்றியும், அந்த இனம் கிழங்கு வைக்கும் காலத்தைப் பகற்பொழுதின் நீளமே தீர்மானிக்கின்றது. கோடையின் நெடும்பகல் வந்தவுடன் செடி இலை விடுவதை நிறுத்திக் கிழங்கு வைக்கத் தொடங்கும். அப்போது எத்தனை இலைகள் உள்ளனவோ, அதற்கேற்பவே கிழங்கும் பருக்கும். பிந்தி விதைத்தவருக்குச் சிறு கிழங்கே கிட்டும். எனவே உறைபனி பெய்யும் சனவரி மாதத்திலேயே விதைத்தல் நலம். பனியில் விதைப்பது எங்ஙனம்?

இதற்கு அந்நாட்டுத் தோட்டக்காரர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் சாதனமே கண்ணாடிப் பெட்டி. ஆங்கிலத்தில் இதனைக் 'கோல்ட் பிறேம்' என்பர். சாணத்தைப் புதைத்து அடியிலிருந்து சூடேற்றும் பாத்தியும் உண்டு; பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத் தோட்டக்காரர் குதிரைச் சாணத்தைக் கொண்டு அவ்வாறு செய்தனர். கண்ணாடிப் பெட்டிக்கோ சூரியனையன்றி வேறு வெப்பமில்லை.

இதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பழைய பலகைகள் அல்லது செங்கற்களைக் கொண்டு அடியில்லாத ஒரு பெட்டியை மண்மீது அமைப்பர். பின்புறம் ஏறத்தாழ 18 அங்குல உயரமும், முன்புறம் 12 அங்குல உயரமும் இருக்கும். மேலே பழைய யன்னலொன்றைக் கண்ணாடியோடு மூடியாக வைப்பர். சரிவு தெற்கு நோக்கியதாக இருத்தல் வேண்டும். மார்கழி நண்பகலில் யாழ்ப்பாணத்துச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 57 பாகை உயரத்தில் நிற்க, இலண்டனிலோ 15 பாகை உயரத்திலேயே தாழ்ந்து செல்கின்றது. சரிந்த கண்ணாடி அந்தத் தாழ்ந்த கதிர்களை நேராக ஏற்றுக்கொள்ளும், மழைநீரும் வழிந்தோடும்.

ஒளி கண்ணாடியூடாகப் புகுந்து மண்ணைச் சூடாக்குகின்றது. மண்ணைத் தொட்ட காற்றும் சூடாகின்றது. வெளியிலாயின் அச்சூடான காற்று மேலெழுந்து போய்விடும். குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வரும். மூடியோ அதனைத் தடுத்துவிடுகின்றது. மண் பகலிலே சேமித்த வெப்பத்தை இரவிலே மெல்ல வெளிவிடும். வானம் தெளிந்த கடுங்குளிர் இரவுகளில் அவ்வெப்பம் போதாது. அப்போது கண்ணாடிமீது சாக்கையோ வைக்கோற் பாயையோ விரித்து, விடிந்தபின் எடுத்துவிடுவர்.

எல்லா விதைகளும் இதற்கு ஏற்றவையல்ல. வெங்காயம், லீக்ஸ், சலாது, கோவா ஆகியவை குளிரைப் பொறுத்து முளைப்பவை. வெங்காய விதை உறைநிலைக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்திலும், நாட்கள் பல சென்றாலும், முளைத்துவிடும். தக்காளி விதைக்கோ ஏறத்தாழ 10 பாகை சென்ரிகிறேட்டேனும் வேண்டும். அதனைச் சனவரியில் இட்டால் மண்ணிலே அழுகிப்போகும்.

புதியவர்கள் நாற்றுக்களைக் குளிருக்குப் பறிகொடுப்பதிலும் பார்க்க, வெயிலுக்குப் பறிகொடுப்பதே மிகுதி என்பது விந்தையான உண்மை. பங்குனி மாதத்தில் வெளியே குளிர் வாட்டினாலும், மூடிய பெட்டிக்குள் ஒரு மணி நேர வெயில் 30 பாகைக்கு மேலும் சூடேற்றிவிடும். நாற்றுக்கள் வெந்து வாடிவிடும். ஆதலால் வெயில் ஏறும்போது மூடியைச் சற்று உயர்த்தி, ஒரு கட்டையை முட்டுக்கொடுப்பர். பிற்பகலில், சூடு முற்றாகத் தணியுமுன்னர் மீண்டும் மூடிவிடுவர். நீரைக் காலையில் மட்டும், அளவாக ஊற்றுவர். ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் பூஞ்சணம் பற்றி, இளநாற்றின் தண்டு மண்மட்டத்தில் அழுகிச் சாயும்.

நடுவதற்கு முன் நாற்றைப் பழக்குதலும் இன்றியமையாதது. முதலிலே பகலில் சில மணி நேரமும், பின்னர் பகல் முழுவதும், இறுதியில் இரவிலும் மூடியைத் திறந்துவிடுவர். இரண்டு வாரங்களில் இலை தடித்து, தண்டு உரம் பெறும். ஏப்பிரலில் நடப்பட்ட வெங்காயம் ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் பயன் தரும்.

இன்று கண்ணாடிக்குப் பதிலாக ஒளிபுகும் பிளாஸ்ரிக் தகடுகளையும் பயன்படுத்துகின்றனர். வட அமெரிக்காவிலே, வெறுமையான பாற்கலன்களைக் குறுக்கே வெட்டி, அடியிலே துளையிட்டு, மண்ணும் விதையும் இட்டுப் பனியிலேயே வைத்துவிடுவோரும் உளர்.

எமது நுவரெலியாவிலும் தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் உறைபனி படிந்து இளம்பயிரைக் கருக்குவதுண்டு. அங்கும் மாலையில் நாற்றுமேடையை மூடி, காலையில் திறந்துவிடும் கைகளே பயிரைக் காப்பன. பெட்டியைச் செய்வதற்கு ஒருநாட் பொழுது போதும். ஆனால் நாள்தோறும் வானத்தைப் பார்த்து, திறப்பதா மூடுவதா என்று அறிந்து செய்பவருக்கே அது பயன் தரும்.