டிஜிட்டல் இசை: பிந்தி வந்தால் நஷ்டமா?

"எல்லாரும் எப்போதோ கம்ப்யூட்டரில் பாட்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் கேசட்டையே வைத்துக்கொண்டிருக்கிறேன்" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய சிலர் தயக்கத்துடன் சொல்வதுண்டு. தயங்க வேண்டாம். டிஜிட்டல் இசையில் முந்தி வந்தவர்கள் பணமும் செலவழித்தார்கள், சிக்கலிலும் மாட்டினார்கள். பிந்தி வரும் உங்களுக்கு அந்தப் பாடம் இலவசம்.

எம்.பி.3 என்றால் என்ன?

1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சி.டி.யில், ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதிவாகிறது. இதனால் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 எம்.பி. இடம் தேவை. நம் காது கவனிக்காத ஒலிகளை நீக்கி, பைலைச் சுருக்கும் முறையே எம்.பி.3. ஜெர்மனியின் ஃபிரான்ஹோபர் ஆய்வு நிறுவனத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 128 கே.பி.பி.எஸ். வேகத்தில் பதிந்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்.பி. போதும்.

முந்தியவர்கள் பட்ட பாடு

2001-ல் ஆப்பிள் நிறுவனம் 5 ஜி.பி. கொள்ளளவுள்ள ஐபாடை 399 டாலருக்கு விற்றது. அப்போது அது மேக் கம்ப்யூட்டருடன் மட்டுமே வேலை செய்தது. 2022-ல் ஐபாட் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. ஆனால் அதில் இருந்த எம்.பி.3 பைல்களை இன்றும் எந்தக் கம்ப்யூட்டரிலும் கேட்கலாம்.

மைக்ரோசாப்ட் 2004-ல் தொடங்கிய எம்.எஸ்.என். மியூசிக் கடையில் வாங்கியவர்கள் கதை வேறு. அந்தப் பாட்டுகளுக்குப் பூட்டு போடப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் சாவியை அந்த நிறுவனத்தின் சர்வர் தர வேண்டும். 2006-ல் அதே நிறுவனம் வெளியிட்ட சூன் பிளேயரில்கூட இப்பாட்டுகள் ஒலிக்கவில்லை. புதிய கம்ப்யூட்டர்களுக்கு இனி சாவி கிடையாது என்று 2008-ல் அறிவிப்பு வந்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழ, 2011 இறுதி வரை கெடு நீட்டிக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்கும் கெடு!

எனவே எதை வாங்கினாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்:

1. இந்த பைலைக் காப்பி செய்து வேறு கம்ப்யூட்டரில் கேட்க முடியுமா?
2. விற்ற கம்பெனி மூடிவிட்டாலும் பாட்டு ஒலிக்குமா?

மாதச் சந்தா கட்டிக் கேட்கும் சேவைகளில் சந்தா நின்றால், டவுன்லோடு செய்து வைத்த பாட்டும் நின்றுவிடும். கேட்பதற்கு வசதிதான், ஆனால் அது உங்கள் சேமிப்பு ஆகாது.

இதில் மட்டும் தாமதம் வேண்டாம்

பிளேயர் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். கேசட்டைத் தள்ளிப்போடக் கூடாது. காந்த நாடா ஆண்டுக்கு ஆண்டு நலிகிறது. டேப் ரெக்கார்டரைப் பழுது பார்ப்பவர்களும் குறைந்து வருகிறார்கள். சினிமாப் பாட்டு வேறு எங்காவது கிடைக்கும். வீட்டில் பதிவு செய்த தாத்தாவின் குரலோ, குழந்தையின் மழலையோ எந்தக் கடையிலும் கிடைக்காது. அவற்றை முதலில் மாற்றுங்கள்.

* கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பதிவு அழியாது.
* டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையையும் கம்ப்யூட்டரின் 'லைன் இன்' துளையையும் ஸ்டீரியோ கேபிளால் இணையுங்கள். லேப்டாப்பில் 'லைன் இன்' இல்லையென்றால், அந்த வசதி உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம்.
* 'ஆடாசிட்டி' என்ற இலவச சாப்ட்வேரில் 44,100 ஹெர்ட்ஸ் தேர்வு செய்து பதியுங்கள். ஒலி அளவு காட்டும் பட்டை உச்சியைத் தொடக் கூடாது. தொட்டால் குரல் கரகரக்கும்.
* மூலப் பிரதியை ஃபிளாக் வகை பைலாகச் சேமியுங்கள். இதில் ஒலி சிறிதும் குறையாது. அன்றாடம் கேட்க ஒரு எம்.பி.3 பிரதி போதும்.

முக்கியமில்லாத ஒரு கேசட்டில் முதலில் பழகிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டைப் பதிய முழுதாக ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பைலுக்குப் பெயரிடும்போது பேசியவர் யார், எந்த ஆண்டு என்று குறியுங்கள். இன்னொரு பிரதியை வேறொரு ஹார்டு டிஸ்கிலும் வையுங்கள். பதிந்து முடிந்தாலும் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.