சர்வருக்குக் கிடைத்த சான்று யார் யாருக்குச் செல்லும்?

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் ஆடி மாதத்தில் குற்றாலத்திலும் சீசன். எங்கே தங்கலாம், எப்படிப் போகலாம் என்று தேடும் வெளியூர்க்காரர்கள் தென்காசி மாவட்ட இணையதளத்தையும் எட்டிப் பார்ப்பார்கள். மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22-இல். அதன் தளம் அடியிலிருந்து தனியாகக் கட்டப்பட்டதல்ல. தேசியத் தகவலியல் மையத்தின் ‘எஸ்3வாஸ்’ என்ற பொது மேடையில், நூற்றுக்கணக்கான மாவட்டத் தளங்களோடு இதுவும் இயங்குகிறது.

சர்வர் அறைக்குள் யார் நுழையலாம், பாதுகாப்புப் பேட்ச் போட்டாயிற்றா, பேக்கப் எடுத்தாயிற்றா என்பதெல்லாம் இந்தத் தளங்கள் அத்தனைக்கும் ஒன்றுதான். மாவட்டம்தோறும் தணிக்கை செய்வது வீண் வேலை. மேடையை ஒருமுறை சோதித்துவிட்டால், ‘நிறைவு’ என்ற அந்த முடிவை எல்லாத் தளங்களும் எடுத்துக்கொள்ளலாம். இப்படி எல்லாத் தளங்களுக்கும் பொதுவானவற்றை அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் தன் 800-53 ஆவணத்தில் பொதுக் கட்டுப்பாடுகள் என்கிறது. அந்தந்தத் தளத்துக்கே உரியவையும் உண்டு. இரு பக்கமும் பங்குள்ள கலப்பு வகையும் உண்டு.

சிக்கலெல்லாம் கலப்பு வகையில்தான். அரசு இணையதளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் 2009-இல் வந்தன. மூன்றாம் பதிப்பு 2023-இல். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் இருக்க வேண்டும் என்கின்றன அவை. எழுத்தைப் பெரிதாக்கும் வசதியை மேடை தந்துவிடும். ஆனால் குற்றாலத்தின் ஐந்தருவிப் படத்தில் என்ன இருக்கிறது என்ற விவரத்தை எழுத வேண்டியவர், மாவட்டத்தில் அதைப் பதிவேற்றுபவர். ஓர் அறிவிப்பை ஸ்கேன் செய்து வெறும் படமாகப் பிடிஎஃப்பில் போட்டால், பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அங்கே வாசிக்க ஒரு சொல்லும் இல்லை. மேடைக்குக் கிடைத்த ‘நிறைவு’ என்ற பச்சைக் குறியால் அவருக்கு என்ன பயன்? இத்தகைய கட்டுப்பாட்டுக்கு இரண்டு கட்டம், இரண்டு பொறுப்பாளர் வேண்டும். இரண்டும் நிறைவேறினால்தான் பச்சை.

மேடையின் நிலையை நகலெடுத்து வைப்பதும் ஆபத்து. எக்செல் தாளில் ‘நிறைவு’ என்று ஒட்டி வைத்தால், மேடையில் ஒரு பேட்ச் விட்டுப்போய் நிலை சிவப்பானாலும் மாவட்டத்தின் தாள் பச்சையாகவே கிடக்கும். இணைப்பாக வைத்தால் அங்கே மாறியதும் இங்கேயும் மாறிவிடும். இணையப் பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது அந்த அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவு. எந்தெந்தத் தளங்கள் இந்த மேடையை நம்பியிருக்கின்றன என்று அந்த 6 மணி நேரத்தில் உட்கார்ந்து தேட முடியாது. யார் யாரிடமிருந்து எதைப் பெற்றார்கள் என்ற பட்டியல் முன்பே கையில் இருக்க வேண்டும்.