கூர்ஸ்: ஒரு சிற்றூரும் ஒரு முகாமும்

பிரான்சில் ஏறக்குறைய 35 ஆயிரம் கொம்யூன்கள் உண்டு. முன்பு எமது ஊர்களில் இருந்த கிராமசபை போல, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயரும் ஒரு மேரியும் இருக்கும். பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு என்று நாம் போய் நிற்பது அங்கேதான். அவற்றுள் மிகச் சிறிய ஒன்றைப் பற்றி எழுதுகின்றேன்.

கூர்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையில், பைரெனே மலையடியில் இருக்கின்றது. சனத்தொகை சில நூறுதான். சோளம் பயிரிடுவார்கள், மாடு வளர்ப்பார்கள். இப்பகுதியின் பெயர் பெயார்ன். 1620 இல் பிரான்சுடன் இணைக்கப்படும்வரை தனி ஆட்சி, தனி மொழி என்று இருந்த மண். அத்திலாந்திக் கடலிலிருந்து வரும் மேகங்களை மலை மறிப்பதால் மழை அதிகம். மண்ணோ களிமண், தண்ணீர் வடியாது.

1939 இன் தொடக்கத்தில் ஸ்பெயினில் பிராங்கோவின் படை வென்றபோது ஏறக்குறைய 5 இலட்சம் பேர் எல்லை கடந்து பிரான்சுக்குள் வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை அடைக்க கூர்ஸில் ஆறே கிழமைகளில் 428 மரக்கொட்டில்கள் கட்டப்பட்டன. ஒரு கொட்டிலில் சுமார் 60 பேர். கண்ணாடி யன்னல் கிடையாது. சுற்றிவர முட்கம்பி. மழை பெய்தால் முழங்கால்வரை சேறு.

1940 ஒக்டோபரில் ஜெர்மனியின் தென்மேற்கிலிருந்து சுமார் 6,500 யூதர்களை நாசிகள் இங்கு அனுப்பினார்கள். கிழவர்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். குளிராலும் பசியாலும் நோயாலும் பலர் இறந்தார்கள். 1942, 1943 இல் விஷி அரசு இம்முகாமிலிருந்து 3,907 யூதர்களை ஒப்படைத்தது. பெரும்பாலானோர் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டனர்.

போருக்குப் பின் கொட்டில்களை அகற்றி அங்கே மரம் நட்டார்கள். இன்று அது காடு. ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. 1994 இல் நினைவுச்சின்னம் ஒன்றும் அமைக்கப்பட்டது.

வாசகர்களே, இந்நாட்டுக்கு அகதியாக வந்த முதல் மக்கள் நாமல்ல. தொழிற்சாலையில் எம்மோடு வேலை செய்யும் ஸ்பானியப் பெயர்காரரின் பாட்டனார் இப்படியொரு சேற்றில் நின்றவராக இருக்கலாம். பேசிப் பாருங்கள். 'அகதி' என்ற சொல்லுக்கு உங்கள் பிள்ளை வகுப்பில் வெட்கப்பட்டால், கூர்ஸின் கதையைச் சொல்லிக் கொடுங்கள். அது இந்நாட்டின் சரித்திரமும்தான்.