மாகறலும் எலும்பு நோய்களும்

மூட்டுவலி ஒரே நோயின் பெயரன்று. முழங்காலின் குருத்தெலும்பு தேய்வது ஒரு வகை. மூட்டுச் சவ்வை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கி வீங்கவைக்கும் முடக்குவாதம் இன்னொன்று. எளிதில் கவனத்துக்குத் தப்புவது மூன்றாவது: தசைநாண் எலும்பில் பற்றும் இடத்திலேயே தொடங்கும் அழற்சி. குதிகாலில் இது வலியாகத் தெரியும். முதுகெலும்பில் பற்றினால், அழற்சி ஏற்பட்ட இடத்தில் புது எலும்பு வளர்ந்து, முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு மூங்கில்போல் விறைத்துவிடக்கூடும்.

இந்த முதுகுவலி பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்குகிறது. காலையில் விறைப்பு அரைமணிக்கு மேல் நீடிக்கும். படுத்தால் கூடும், நடந்தால் குறையும். தறிக்குழியில் நாளெல்லாம் குனிந்திருக்கும் காஞ்சிபுரத்து நெசவாளரின் வலி பொதுவாக இதற்கு நேர்மாறு: வேலையில் ஏறி, ஓய்வில் தணியும். இரண்டு பேரிடமும் ‘படுத்திரு’ என்று சொன்னால் முதலாமவருக்குக் கெடுதல்தான். எச்.எல்.ஏ. பி27 மரபணு முதுகை விறைக்கவைக்கும் இந்த அழற்சி நோயோடு தொடர்புடையது. ஆனால் அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. எக்ஸ்ரேயில் தெரிய ஆண்டுகள் ஆகும் மாற்றத்தை எம்.ஆர்.ஐ. முன்பே காட்டிவிடும்.

இத்தகைய வலியோடு கோயிலை நாடுவோரும் உண்டு. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, செய்யாற்றங்கரையில் மாகறல் என்னும் ஊரில் உள்ள மாகறலீசுவரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். உடும்பின் வால் போன்ற சிறிய லிங்கம் அங்கே மூலவர். எலும்பு நோய் தீர வேண்டிப் பலர் வருகிறார்கள். விறைத்த முதுகுக்குப் பிராகாரம் சுற்றும் நடை நல்லதே. வேண்டுதலை நம்பி மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. உடற்பயிற்சியோடு அழற்சி நீக்கும் மாத்திரைகள் முதல் சிகிச்சை; அவை போதாதபோது அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் உண்டு. அவற்றைத் தொடங்குமுன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.